கிளட்ச் இல்லாத வண்டி

மகனே,

உன் பெரிய பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துவிட்டேன். ஊறுகாய் பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி, துணிகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். நாளை விடியற்காலை அமெரிக்கா புறப்படுகிறவனுக்கு அப்பா செய்து தர வேண்டியவை என்று நான் நினைத்து வைத்திருந்த வேலைகள் இத்துடன் முடிந்தன. ஒன்று மட்டும் மிச்சம். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வீட்டில் குரல் உயர்த்தாத மனிதர் என்று உன் அம்மா என்னைப் பற்றி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாள். உயர்த்த வராது என்பதுதான் உண்மை. அதனால் எழுதுகிறேன். நீ ஆவடியில் நண்பர்களைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

நேற்று மத்தியானம் நாம் எல்லோரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உன்னோடு படித்த பையன் ஒருவன் கேட்டான்: "அங்க போய் என்னடா வண்டி வாங்கப் போற? அங்க எல்லாமே ஆட்டோமேட்டிக்தானாமே?" நீ சிரித்தாய். "ஆட்டோமேட்டிக்கா? கை காலு நல்லா இருக்கிறவன் எவனாவது அத ஓட்டுவானா? அது நொண்டிங்களுக்குப் பண்ணினதுடா. வாங்கினா கியர் வச்ச ஸ்போர்ட்ஸ் கார். இல்லன்னா பஸ்ஸு." பையன்கள் சிரித்தார்கள். உனக்கு எதிர் வரிசையில், சம்மணமிட முடியாமல் இடது காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த உன் சேகர் மாமாவும் சேர்ந்து சிரித்தார். நான் என் இலையில் இருந்த கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா உள்ளே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சத்தத்தில் அவள் காதில் விழவில்லை. தன் தம்பியைப் பற்றிய பேச்சு அவள் காதில் விழுந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இருந்திருக்காது. "பாயசம் வேணாம்க்கா, ஷெட்ல ஒரு வண்டி பிரிச்சிப் போட்டது அப்படியே கீது" என்று சொல்லிவிட்டு மாமா எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மெக்கானிக் ஷெட்டில் வேலை கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ வேண்டுமென்றே சொல்லவில்லை. இதை நான் இரவு முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த கால் அது. போலியோ வந்த கால் என்று நீ அதைத் தனியாக நினைத்ததே இல்லை. இடது கையால் தொடையை அழுத்தி அழுத்தி அவர் நடப்பது உனக்கு அவருடைய நடை, அவ்வளவுதான். நீ சொன்ன வாக்கியமும் உன்னுடையது இல்லை. உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த தாமு அண்ணாத்தேயின் வாக்கியம் அது. அவர் அதை முதன்முதலில் சொன்ன நாளில் நானும் அங்கே நின்றிருந்தேன். நீ அப்போது மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் உனக்குச் சொல்லவில்லை. தாமு சொல்ல மாட்டார். மாமாவுக்குத் தன் காலைப் பற்றிய பேச்சே பிடிக்காது. நான் எதையும் சொல்கிறவன் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்பா கட்சி மாறிவிட்டார் என்று நினைப்பாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பல் வெட்டி, சூடேற்றி, தேய்த்து வந்த கியர்களை ஜோடி சேர்த்துச் சுழலவிட்டு, காது கொடுத்துக் கேட்டு, சரி அல்லது தள்ளுபடி என்று முத்திரை வைப்பதுதான் என் பிழைப்பு. நல்ல கை ஒன்று இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது எஞ்சின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒரு கணம் ஒத்துப்போய், கம்பி தானாக உள்ளே போய் விழும். அந்தச் சுகம் எனக்குத் தெரியும். நீ அதற்காக ஏங்குவதில் தவறில்லை. அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக்கைப் பற்றித் தாமு சொன்ன குறைகளும் பெரும்பாலும் சரிதான். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய்தான் சுழன்றுகொண்டிருக்கும். கொஞ்சம் பலம் அதிலேயே கரைந்துபோகும். நாம் மிதித்த பிறகு எந்தக் கியர் என்று அது யோசிக்கும். வளைவின் நடுவில் தன்னிஷ்டத்துக்கு மாறித் தொலைக்கும்.

சென்னீர்குப்பத்தில் தாமுவின் ஷெட் இன்று இருக்கிற இடம் அவர்கள் குடும்பத்துக் கத்திரித் தோட்டம். பெங்களூர் ரோட்டை அகலப்படுத்தியபோது முன்பக்கம் போயிற்று. மிஞ்சியதில் தகரக் கூரை போட்டு லேத் வைத்தார். ஆனால் அவர் உயிர் அந்தக் கூரை வெட்டிய ஹெரால்டு காரில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் கூடுவார்கள். ஒருவர் கார்புரேட்டர் இரட்டிப்பாக்கியிருப்பார், ஒருவர் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியிருப்பார். நான் கியர் விகிதம் கணக்குப் போட்டுத் தருகிறவன், வருஷா வருஷம் நாங்கள் வைக்கும் கார் ஓட்டத்தின்போது கடிகாரம் பிடிக்கிறவன். உன் மாமாதான் அங்கே எல்லா எஞ்சினுக்கும் டியூனிங். ஒரு ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கால் சுற்று திருகுவார், வண்டி சீராகிவிடும். ஆனால் ஓட்டத்தன்று அவருக்கு எப்போதும் இடப்பக்க இருக்கைதான். அதைக் கிளீனர் சீட்டு என்பார்கள்.

ஒருமுறை அவர் ஹெரால்டை ஓட்டிப் பார்த்தார். இடது காலைக் கிளட்சின் மேல் எடுத்து வைத்து, இடது கையால் தொடையை அழுத்தினார். கிளட்ச் உள்ளே போயிற்று. கியரைத் தள்ள வேண்டுமானால் அதே இடது கை வேண்டும். தொடையிலிருந்து கையை எடுத்ததும் கால் மேலே வந்து, வண்டி குதித்து நின்றது. மறுபடி. மறுபடி. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். "வுடு மாமே, உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு. நீ பக்கத்துல குந்திக்கினு வா, போதும்" என்றார் தாமு. அன்பாகத்தான் சொன்னார்.

அந்த வருஷம் ஒரு டாக்டர் வந்தார். மலேசியாவில் பல காலம் இருந்துவிட்டுத் திரும்பி, குமணன்சாவடியில் கிளினிக் போட்டவர். கப்பலில் ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கதவு, சிவப்பு, மூக்கு கீழே சரிந்தது. கப்பலில் கிடந்ததாலோ என்னவோ எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. ஷெட்டில் எல்லோரும் கோயில் தேரைச் சுற்றுவதுபோல் சுற்றினார்கள். தாமு கதவைத் திறந்து கீழே குனிந்து பார்த்தார். "இன்னா டாக்டர் சார், கிளட்சையே காணோம்? கப்பல்ல எவனாவது கழட்டிக்கினானா?"

"ஆட்டோமேட்டிக்பா. ரெண்டே பெடல்தான்" என்றார் டாக்டர்.

தாமு முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். ஏமாற்றப்பட்டவர் முகம் அது. "ஸ்போர்ட்ஸ் வண்டினு சொல்லிட்டு இதுல போய் ஆட்டோமேட்டிக் வெச்சிக்கீறான் பாரு. வண்டி அதும்பாட்டுக்கு போவுது, இவன் சும்மா குந்திக்கினு வர்றான். அதுக்குப் பேரு டிரைவரா? சவாரி. கை காலு நல்லாக் கீறவன் இத ஓட்டுவானா? நொண்டி மொடத்துக்குப் பண்ண வண்டி சார் இது." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது, எதிரில் பானெட்டைத் திறந்து நின்றிருந்தது யாரென்று. "உன்னச் சொல்லல மாமே" என்றார். மாமா தலை தூக்காமல், "என்னத்தான் சொன்ன அண்ணாத்தே. நல்லதாப் போச்சி. அப்ப இது எனக்குப் பண்ண வண்டி" என்றார்.

ஒரு வாரம் அந்த எஞ்சினோடு கிடந்தார். இருமல் நின்றதும் டாக்டரே சாவியைக் கொடுத்து, "நீயே ஒரு சுத்து ஓட்டிப் பாரேன்" என்றார். ஷெட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் ஓட்டினார். முதல் சுற்றில் வண்டி ஊர்ந்தது. இரண்டாவது சுற்றில் நான் கவனித்தேன்: எப்போதும் தொடையில் இருக்கும் அந்த இடது கை ஸ்டியரிங்கின் மேல் இருந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அவர் முகத்தைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை தெரியாது. இறங்கியதும் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "வர்ற ஞாயித்துக்கெழம எங்க ஓட்டம் கீது சார். அதுல இந்த வண்டிய நான் ஓட்டலாமா?" டாக்டர் நல்ல மனிதர். சரி என்றுவிட்டார்.

எங்கள் ஓட்டம் பெரிய போட்டி இல்லை. பூந்தமல்லிக்கு அப்பால் போட்டு முடித்து இன்னும் திறக்காத ரோட்டில் ஒரு கோடியிலிருந்து புறப்பட்டு, மறுகோடியில் வைத்த தார் டிரம்களைச் சுற்றித் திரும்ப வேண்டும். பரிசு கிடையாது. ஷெட்டின் இரும்புக் கதவில் ஓட்டினவர் பெயர்களைச் சுண்ணக்கட்டியால் வரிசைப்படி எழுதுவார்கள், அடுத்த வருஷம் வரை யாரும் அழிக்க மாட்டார்கள். அந்தக் கதவில் தன் பெயர் வருமா என்பதுதான் மாமாவுக்கு எல்லாமும். உனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இருபத்தெட்டு வயதுவரை எல்லா வண்டியையும் பிறர் ஓட்டுவதற்காகச் சரிசெய்து கொடுத்த ஒருவரின் இடத்தில் இருந்து யோசித்துப் பார்.

தாமு ஒத்துக்கொள்ளவில்லை. மாமா மேல் கோபம் இல்லை. அந்த ஆட்டோமேட்டிக் கியர்ப் பெட்டியின் மேல்தான். "இத எண்ணிக்கைல சேத்தா நாளைக்கு ரிக்ஷால குந்திக்கினு வர்றவனும் பேரு எழுதச் சொல்லுவான்" என்றார். வாக்குவாதம் முற்றி, கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை முதலில் அவரே அதை ஓட்டுவார். பிறவி டிரைவர் ஓட்டினாலும் அது ஓடாது என்று எல்லோருக்கும் காட்டுவார். அதற்குப் பிறகும் சேகர் ஓட்ட விரும்பினால் பார்க்கலாம். பழகிக்கொள்ளலாம் என்று அன்றே மனையில் ஏறினார். வேகம் எடுத்தது, கியர் மாற வேண்டிய இடம் வந்ததாக அவர் உடம்புக்குத் தோன்றியிருக்கும். இடது கால் எழும்பிக் கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வண்டியில் அகலமான பிரேக் இருந்தது. வண்டி ஆணியடித்தாற்போல் நின்றது. தாமுவின் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். "பழக்கம்டா, பழக்கம்" என்று அவரும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனையில் சைக்கிள் வேகம். ரோட்டில் அப்படியா? யோசித்தபடியே இரண்டு நாள் கழித்து, அவர் தனியாக இருந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "தாமு, ஞாயிற்றுக்கிழமை இடது காலைச் சீட்டுக்கு அடியில் ஒரு துணியால் கட்டிக்கொள்ளுங்களேன். கால் தானாக எழும்பாது." நான் சொன்ன விதமும் கெஞ்சுவதுபோல்தான் இருந்திருக்கும். தாமு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கால கட்டிக்கினு ஓட்டணுமா? நான் இன்னா நொண்டியா சார்?" என்று உரக்கக் கேட்டார். லேத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்பார்க் பிளக் துடைத்துக்கொண்டிருந்த மாமா துடைப்பதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. நான் வெளியே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். பக்கத்துக் கிராமத்துக்காரர்களிடம் பேசி ஒருபக்கம் ஒதுக்கச் சொன்னோம். பெருக்கித் தள்ளிய பிறகும் வைக்கோல் தூசி தாரின் மேல் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு வண்டியின் டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. தாமு ஹெரால்டில் போய் வந்தார். கண்ணுக்கு அழகாக இருந்தது. டிரம்மை நெருங்கும்போது ஒரே காலால் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்து, நடுவில் கியரை இறக்கி, வால் லேசாக ஆடத் திருப்பினார். எல்லோரும் விசிலடித்தார்கள். நான் கடிகாரத்தை நிறுத்தி நேரம் சொன்னேன். பிறகு மற்றவர்கள் ஓட்டினார்கள். ஒருவர், பாதியில் இக்னிஷன் காயில் எரிந்துபோய், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு தாமு சிவப்பு வண்டியில் ஏறினார்.

நேர்ப்பாதையில் அது அம்புபோல் போயிற்று. டிரம் நெருங்கியது. அவர் உடம்பு இருபது வருஷமாகச் செய்து பழகியதைச் செய்தது. பிரேக் விளக்கு எரிந்த அதே நொடியில் சக்கரங்கள் நான்கும் இறுகி, வைக்கோல் தூசியில் வண்டி பம்பரமாகச் சுற்றியது. ஒரு டிரம் உருண்டு வயலில் விழுந்தது. நெல்லுக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றிருந்த பெண் ஓடவும் தோன்றாமல் அப்படியே நின்றாள். வண்டி அவளுக்கு நாலு எட்டு தள்ளி, வந்த திசையைப் பார்த்து நின்றது. நாங்கள் ஓடினோம். எல்லோருக்கும் கடைசியாக, தொடையை அழுத்தி அழுத்தி மாமா வந்து சேர்ந்தார். தாமு உதடு கிழிந்து ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தார். அவர் இடது கால் அப்போதும் பிரேக்கின் மேல் இருந்தது.

"போதும்பா. நான் வண்டிய எடுத்துட்டுப் போறேன்" என்றார் டாக்டர். பின்விளக்கு நொறுங்கி, பம்பர் ஒருபக்கம் தொங்கியது. மாமா குனிந்து ரோட்டில் கிடந்த சிவப்புக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "டாக்டர் சார், நீங்க சரின்னு சொன்னீங்க." டாக்டர் தடுமாறினார். அவருக்கு மறுக்கவும் மனமில்லை, கொடுக்கவும் பயம். என் பக்கம் திரும்பினார். "சார் இன்ஜினியர். அவர் பாத்து வண்டி நல்லா இருக்குன்னு சொன்னா ஓட்டட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தொழிலில் ஒரு விதி உண்டு: சந்தேகம் இருந்தால் தள்ளுபடி. நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எண்ணெய் கசியவில்லை. பிரேக் குழாய்களைத் தடவினேன். ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சுழற்றினேன், ஸ்டியரிங்கை ஆட்டினேன், நட்டுகளை முடுக்கினேன். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இன்னொரு முறை நட்டுகளைத் தடவினேன். சேகர் உன் அம்மாவுக்கு ஒரே தம்பி. ஏதாவது ஆனால் அவளிடம் எப்படிப் போய் நிற்பேன்? 'சக்கரம் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. டாக்டர் நிம்மதி அடைவார், தாமுவின் மானம் தப்பும், மாமாகூட என்னைத் திட்ட மாட்டார். பழையபடி கிளீனர் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் என்னைக் கெஞ்சியிருந்தால் ஒருவேளை அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேன். அவர் கண்ணாடி பொறுக்கிக்கொண்டே இருந்தார். "வண்டியில் குறை இல்லை" என்றேன். குரல் எழும்பாததால் டாக்டர், "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

டிரம்மை நிமிர்த்திவிட்டுப் புறப்படும் கோட்டுக்குத் திரும்பியதும், கடிகாரத்தைத் தாமுவின் கையில் கொடுத்துவிட்டு நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். தைரியத்தால் இல்லை. வெளியே நின்று பார்க்கத் தாங்காது என்பதால். "பெல்ட்ட போட்டுக்க மாமா. அக்கா என்னக் கொன்னுடும்" என்றார் சேகர் என்னிடம். புறப்பட்டோம். நான் முன்னால் பார்க்காமல் அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் மட்டும் வேலை செய்தது. இடது கால் ஓரமாக, அசையாமல், தூங்கும் பிள்ளைபோல் கிடந்தது. எந்தப் பழக்கமும் அதற்கு இல்லை. எதையும் தேடி அது எழும்பாது. டிரம்முக்கு வெகுமுன்பே பிரேக்கை மெல்ல அமுக்கி, இரண்டு கையாலும் ஒரே சீராகத் திருப்பினார். திரும்பி முடித்ததும் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். வண்டி போகவில்லை, யோசித்தது. "தூங்குது மாமா, தூங்குது" என்று சிரித்தார். பிறகு உறுமிக்கொண்டு பாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கோட்டைக் கடந்து நின்றதும் மாமா தலையை வெளியே நீட்டி, "எவ்ளோ அண்ணாத்தே?" என்றார். தாமு கைக்குட்டையால் உதட்டை அழுத்தியபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கடியாரத்த அமுக்கல" என்றார். "நீ கெளம்பசொல்ல கை வரல மாமே." அவர் வேண்டுமென்று அமுக்காமல் விட்டாரா, உண்மையிலேயே கை வரவில்லையா என்று இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. மாமா எஞ்சினை நிறுத்தவில்லை. அவர் சிரிப்பு மட்டும் போய்விட்டது. "அப்ப இன்னொரு தபா போறேன். கடியாரம் மாமாகிட்ட குடுத்துடு. நீ வந்து இங்க குந்து" என்றார். கிளீனர் சீட்டைக் காட்டினார். தாமு அந்த சீட்டில் அதுவரை உட்கார்ந்ததில்லை. நின்றார். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாமு கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

இந்த முறை நான் அமுக்கினேன். புறப்படும்போதும் திரும்பும்போதும் சரியாக அமுக்கினேன். திரும்பி வந்து நின்றபோது தாமு முதலில் இறங்கவில்லை. உள்ளே என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போனபோது காதில் விழுந்தது: "திரும்பி முடிக்கிறதுக்கு முன்னாடியே மிதிச்சிடு மாமே. அது யோசிக்கிற யோசனைய நீ திரும்பசொல்லயே முடிச்சிக்கட்டும்." மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் தாமு அவரிடம் ஓட்டுவதைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நேரத்தைச் சொன்னேன். மாமா கடைசிக்கு முந்தியவர். காயில் எரிந்து தள்ளிக்கொண்டு வந்தவருக்கு மட்டும்தான் முன்னால். தாமுவுக்கு உயிர் வந்தது. "பாத்தியா? நான் சொன்னேன்ல, ஆட்டோமேட்டிக் தோக்கும்னு" என்றார். மாமா சொன்னார்: "வண்டி எங்க தோத்துச்சி? ஓட்டினவன் நான். நான்தான் தோத்தேன். எழுது." அன்று மாலை தாமுவே சுண்ணக்கட்டி எடுத்து எழுதினார். மாமா நம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உன் அம்மாவிடம், "அக்கா, இன்னிக்கு நான் தோத்துட்டேன்" என்றார். அவள் பயந்துபோய், "ஏன்டா, என்னடா ஆச்சு?" என்றாள். "தோத்துட்டேன்கா" என்று மறுபடி சொல்லிச் சிரித்தார். அத்தனை சந்தோஷமாகத் தோற்ற ஒருவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் டாக்டர் வண்டியை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வண்டி மாமா கைக்கு வரவில்லை. பதினைந்து வருஷமாகக் கிளீனர் சீட்டுதான். உனக்குத் தாமு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, உன் வண்டியின் எஞ்சின் சத்தத்தை ஷெட்டுக்குள்ளிருந்தே கேட்டுக்கொண்டு, "பையன் ரெண்டாவதுல ரொம்ப இழுக்கறான், மூணுல போடச் சொல்லு" என்று கத்தியவர் அவர்.

இப்போது நான் சொல்ல வந்த கடைசி விஷயம். நேற்றுக் காலை மாமா பஸ் இறங்கி வரும்போது நான் எதிரே போனேன். வழியில் கேட்டார்: "அங்க எல்லா வண்டியும் அந்த மாதிரிதானாமே மாமா? கெழவன் கெழவிகூட ஓட்டுதாமே?" ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு, "பையன் போய் ஒரு நெலைக்கு வந்தப்பறம் ஒரு தபா நானும் போய்ப் பாக்கலாமான்னு கீது. டிக்கெட்டுக்குச் சேத்துடுவேன். அங்க ஒரே ஒரு நாள் அவன் வண்டிய குடுத்தான்னா போதும். சாப்டும்போது கேக்கறேன்" என்றார். கேட்பதற்காகத்தான் உனக்கு எதிரில் உட்கார்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் உன் நண்பன் அந்தக் கேள்வியைக் கேட்டான், நீ அந்தப் பதிலைச் சொன்னாய்.

எனக்கு உபதேசம் செய்ய வராது. எதைப் பற்றியும் முழு நிச்சயமாக இருந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் முழு நிச்சயமாக இருக்கிறவர்களைப் பார்த்து இப்போதெல்லாம் பயப்படுகிறேன். நேற்று உன்னைப் பார்த்துப் பயந்தேன். அங்கே போனதும் நண்பர்கள் வண்டியோ வாடகை வண்டியோ, முதலில் உன் கைக்கு வருவது ஆட்டோமேட்டிக்காகத்தான் இருக்கும். தாமுவிடம் கற்ற கால் உன் கால். அதை முதல் சில வாரம் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள். இதையாவது கேள்.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்காதே. அவர் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார். அந்தச் சிவப்பு வண்டி எப்படி இருந்தது என்று மட்டும் கேள். அப்பா சொன்னதாகவும் சொல்லிக்கொள். அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிரு. அவர் தான் கேட்க வந்ததைக் கேட்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்காவிட்டால் நீயே அவரை அமெரிக்காவுக்குக் கூப்பிடு.

இதை உன் பெட்டியின் மேல் வைத்துவிட்டு நான் கடைத்தெருப் பக்கம் போகிறேன். நீ படிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. உன் அம்மாவிடம் இதைக் காட்ட வேண்டாம். மாமாவைப் பார்க்கச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடாதே. அம்பத்தூரிலிருந்து சென்னீர்குப்பத்துக்கு நேர் பஸ் கிடையாது, ஒரு இடத்தில் மாறித்தான் போக வேண்டும். ஷெட்டை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.

உன் அப்பா